எடுத்தாள்வது குற்றமல்ல, மறைப்பதே குற்றம்

நம் சங்க அன்பர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் எம்.டெக்., பி.எச்டி. என்று மேல்படிப்பில் இருக்கிறார்கள். ஆய்வேடு முடிக்கும் சமயத்தில் வீட்டில் ஒரே கவலை: கணிப்பொறி எத்தனை சதவிகிதம் 'காப்பி' என்று காட்டுமோ?

கவலை நியாயமானதே. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் இதற்கென விதிமுறைகள் வகுத்தது. பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி 10 சதவிகிதம் வரை என்றால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் 6 மாதங்களுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பின் குற்றம் நிரூபணமானாலும் அந்தப் பட்டத்தை நிறுத்தி வைக்கலாம். முறைப்படி மூலம் காட்டிய மேற்கோள்களும் நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேரா.

ஆனால் சதவிகிதம் குறைந்தால் போதும் என்று நினைப்பது தவறு. தமிழ் நூலிலிருந்து நாலு பக்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தன் கருத்தாக எழுதினால் இயந்திரம் கண்டுபிடிக்காமல் விடலாம். அப்போதும் அது திருட்டுதான்.

மூலத்தைச் சொன்னால் நம் மதிப்புக் குறையும் என்று இளைஞர்கள் சிலர் எண்ணுகிறார்கள். தொல்காப்பியரே தம் விதிகள் பலவற்றை 'என்ப', 'என்மனார்' என்று முன்னோர் மேல் வைத்துத்தான் சொன்னார். அதனால் அவர் பெருமை குறைந்ததா? ரயில்வேயில் நாங்கள் ஒரு பாலத்துக்கு டிராயிங் போட்டால், லக்னோ ஆர்.டி.எஸ்.ஓ.வின் எந்த டிராயிங்கைப் பின்பற்றினோம் என்று அதன் எண்ணைக் குறிப்போம். எந்தப் பளுவுக்கு அமைத்தது, எந்தத் திருத்தம் வரை சேர்த்தது என்று பின்னால் வருபவர் சரிபார்க்க அந்த எண்தான் வழி. ஆய்வேட்டின் அடிக்குறிப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது.

என் அனுமானத்தில், வேண்டுமென்றே திருடுபவர் சிலரே. பலருக்குக் கோளாறு குறிப்பு நோட்டிலேயே ஆரம்பிக்கிறது. ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது, எது நூலின் வாக்கியம், எது தன் வாக்கியம் என்று தெரிவதில்லை. ஆகவே சில பழக்கங்கள் வேண்டும்.

வார்த்தைக்கு வார்த்தை எடுத்தால் அப்போதே மேற்கோள் குறி போட்டு, ஆசிரியர், நூல், ஆண்டு, பக்க எண் எழுதுங்கள். சொந்த யோசனையை வேறு மையில் எழுதுங்கள்.

கருத்தை மட்டும் எடுப்பதானால் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். வாக்கியத்தை அப்படியே வைத்து நாலு சொல்லை மட்டும் மாற்றுவது திருட்டு நகையை உருக்குவது போல. சொந்த நடையில் எழுதினாலும் கருத்து பிறருடையது என்றால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

அட்டவணை, படம், வரைபடம் ஆகியவற்றுக்கும் இதே விதி. தாமே முன்பு வெளியிட்ட கட்டுரையிலிருந்து எடுத்தாலும் குறிப்பிட வேண்டும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பது போல எல்லோரும் அறிந்த செய்திக்கு மூலம் தேவையில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "எத்தனை சதவிகிதம் வந்தது?" என்று கடைசியில் கேட்பதைவிட, "இதை எங்கிருந்து எடுத்தாய், குறித்து வைத்தாயா?" என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். பிள்ளை வாங்கும் பட்டம் பிள்ளையுடையதாகவே இருக்கும்.