குளிராத பெட்டியும் இன்சுலின் புட்டியும்

சர்க்கரையின் அளவு காரணமின்றி ஏறிவிட்டது என்று வருவோரிடம் உணவைப் பற்றியும் ஊசியின் அளவைப் பற்றியும் கேட்கிறோம். மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்கத்தக்கது: மருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? ‘ஃப்ரிட்ஜில்தான்’ என்ற விடை மட்டும் போதாது. அந்த ஃப்ரிட்ஜ் குளிர்கிறதா என்பதையும் அறிய வேண்டும். உப்பூர் போன்ற கடற்கரை ஊர்களில், அதுவும் வாடகை வீடுகளில், குளிர்சாதனப்பெட்டி ஓசை எழுப்பிக்கொண்டே குளிராமல் நிற்பது அரிதன்று. உப்பூர்ப் பிள்ளையார் வெயிலுகந்த விநாயகர். தலைக்குமேல் கூரையின்றிக் கதிரவனை ஏற்று அமர்ந்திருக்கிறார். இன்சுலினுக்கு அந்தப் பொறுமை இல்லை.

பெட்டி குளிரவில்லை என்று தெரிந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியையன்று, மருந்தை. திறக்காத இன்சுலின் புட்டி 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்க வேண்டும். திறந்து பயன்படுத்திவரும் புட்டியைப் பொதுவாக 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத அறைவெப்பத்தில் ஏறத்தாழ 28 நாள்கள் வைத்துக்கொள்ளலாம். உறையில் அச்சிட்டுள்ள வரம்பே முடிவானது. ஆகவே பெட்டி ஓரிரவு நின்றுபோனதற்காக மருந்தைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். ஊசியை நிறுத்திவிடுவது அதைவிடப் பெரிய கேடு. குளிர் இழந்த புட்டியின்மேல் அன்றைய தேதியை எழுதி, அதையே முதலில் பயன்படுத்துங்கள். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும், இயல்பிலேயே பால்போல் இருக்கும் வகை உள்ளங்கையில் உருட்டிய பின்னும் திரிதிரியாகவோ கட்டியாகவோ தெரிந்தாலும், அதைப் பயன்படுத்தலாகாது.

மின்சாரமே இல்லாத இடங்களில் இதற்கு வழி என்ன என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும், கென்யாவின் தகாஹலே அகதிகள் முகாமில் நிலவிய வெப்பத்தை அளந்து, 25 முதல் 37 பாகை வரை ஏறியிறங்கும் அதே வெப்பத்தில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துச் சோதித்தன. குளிரில் வைத்த மருந்துக்கு நிகராக அதன் வீரியம் நின்றது என்று 2021-இல் அறிவித்தன. இதனைத் துணிச்சலுக்கான அனுமதியாகக் கொள்ளாமல், பதறாமலிருப்பதற்கான ஆதாரமாகக் கொள்ளலாம்.

அதுவரை மண்பானை உதவும். அகன்ற பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையே மணலை நிரப்பி ஈரமாக்கி, நீர் புகாத டப்பாவில் மருந்தை இட்டு உள்ளே வையுங்கள். பானை நிழலிலும் காற்றோட்டத்திலும் இருக்கட்டும். கடற்காற்றில் ஈரம் மிகுதியாதலால் உள்நாட்டு ஊர்களில் குளிர்வதுபோல் இங்கே குளிராது. ஆயினும் ஓட்டுக்கூரையின்கீழ் அலமாரியில் கிடப்பதைவிட மேல். மீனுக்கு இடும் ஐஸ் எளிதில் கிடைக்கிறதே என்று புட்டியை அதன்மேல் வைத்துவிடக் கூடாது. உறைந்த இன்சுலின் மீண்டும் உருகித் தெளிவாகத் தோன்றினாலும் பயனற்றது.

இனிப் பெட்டிக்கு வருவோம். கருகிய வாடை வந்தாலோ, கதவைத் தொடும்போது சுரீரென்று உணர்ந்தாலோ, எதையும் சோதிக்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனை அழையுங்கள். பழைய வாடகை வீடுகள் சிலவற்றில் மூன்று துளைப் பிளக் பாயிண்ட் இருக்கும். எர்த் கம்பி இராது. ஈரத்தரையில் நின்று அத்தகைய பெட்டியைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. செருப்பணிந்து தொடுவது தீர்வாகாது. மூன்றாவது முள்ளை வெட்டி இருமுனைப் பிளக்காக்குவது குற்றத்துக்கு ஒப்பானது.

அத்தகைய அறிகுறி எதுவும் இல்லையெனில், கதவைத் திறந்து உள்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பிளக்கிலோ வயரிலோ கோளாறு இருக்கலாம். அதே பாயிண்டில் ஒரு மேசைவிளக்கைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். விளக்கு எரிந்தும் குளிரவில்லையெனில் ஓசையைக் கவனியுங்கள். ‘உர்’ரென்று தொடங்கிச் சில நொடிகளில் ‘டக்’கென்று நின்று, சற்று நேரங்கழித்து மறுபடியும் அவ்வாறே செய்தால், பெரும்பாலும் மின்னழுத்தக் குறைவு அல்லது கம்ப்ரசரின் ரிலே பழுது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மாலை நேரத்தில் மிகவும் குறைந்து வருவதை ஸ்டெபிலைசரின் எண்பலகை காட்டிவிடும். மின்விசிறி மெதுவாகச் சுழல்வதும் அதற்கு அறிகுறி. அப்போது பெட்டியை அணைத்துவிடுங்கள். மீண்டும் போடுமுன் ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும்; உடனுக்குடன் போட்டு அணைப்பது கம்ப்ரசரை எரித்துவிடும். தெரு முழுவதும் இந்நிலையென்றால் மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு (94987 94987) தெரிவிக்கலாம்.

ஓசை சீராக இருந்தும் குளிர் போதாவிட்டால் காரணம் பெரும்பாலும் எளியது. கதவின் ரப்பர் தளர்ந்திருக்கும்: ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள், தடையின்றி வந்தால் குளிர் வெளியேறுகிறது. பனி மலைபோல் படிந்திருந்தால் அணைத்துக் கரையவிட வேண்டும். கத்தியால் குத்திப் பெயர்ப்பது பெரும்பிழை. அதன் பின்னே ஓடும் மெல்லிய குழாயில் துளை விழும். இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடிய வாயு. பின்புற ஒட்டுத்தாளில் ஆர்600ஏ என்றிருந்தால் அதுதான். குழாய் துளைபட்டுச் சீறும் ஒலி கேட்டால் எந்த சுவிட்சையும் தொடாமல், கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

கடற்கரைக்கே உரிய காரணம் உப்பு. பெட்டியின் பின்னுள்ள கம்பிவலையில் தூசியும் உப்பீரமும் சேர்ந்து பிசுக்காகப் படிய, வெப்பம் வெளியேற முடிவதில்லை. பிளக்கை உருவிய பின் உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி நிறுத்துங்கள். துரு குழாயையே அரித்திருந்தால் வாயு கசிந்து, கம்ப்ரசர் ஓயாது ஓடியும் குளிராது. இது மெக்கானிக்கின் வேலை. கசிவைக் கண்டடைத்த பிறகே வாயு நிரப்பச் சொல்லுங்கள். வெறுமனே நிரப்புவோருக்குக் கொடுக்கும் காசு சில வாரங்களில் காற்றோடு போய்விடும்.

வாடகைக்கு இருப்போர் தயங்குமிடம் ஒன்றுண்டு: செலவு யாருடையது? 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில்) வீட்டின் மின்கம்பி அமைப்பைப் பேணுவதை உரிமையாளரின் பொறுப்பாகவும், சுவிட்ச், சாக்கெட் போன்ற சிறு பழுதுகளைக் குடியிருப்பவரின் பொறுப்பாகவும் பிரித்திருக்கிறது. எனவே எர்த் இல்லையென்று வீட்டுக்காரரிடம் கேட்பது உரிமை, சண்டையன்று. ‘ஐயா, வீட்டில் ஊசி மருந்து இருக்கிறது’ என்ற ஒரு சொல்லோடு கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. பெட்டி அவருடையதெனில் அவரைக் கேளாமல் பிரிக்க வேண்டாம்.

பழுது நீங்கியதும் மருந்தை உடனே உள்ளே வைத்துவிடாதீர்கள். ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்திருங்கள். காலையில் 2-க்கும் 8-க்கும் இடையே காட்டினால் போதும். குமிழைப் பெரிய எண்ணுக்குத் திருப்பினால் குளிர் மிகும் என்பதால், கோடையில் திருப்பியவர்கள் மழைக்காலத்தில் மறவாமல் குறைக்க வேண்டும். இன்சுலினுக்கு உரிய இடம் நடுத்தட்டு. கதவிலோ உறைபெட்டிக்கு அருகிலோ வைக்கலாகாது. மெக்கானிக் பெட்டியை எடுத்துச் சென்றால், மருந்தைப் பெயரெழுதிய டப்பாவில் இட்டு அண்டைவீட்டு ஃப்ரிட்ஜில் ஒப்படையுங்கள். ஐயமுள்ள புட்டி எதுவானாலும் அடுத்த வருகையின்போது மருந்தகச் சாளரத்தில் காட்டுங்கள்.