கடைவாசலில் ஒரு விதி



தொற்றுநோய் பரவும் காலத்தில் ஒரு கடைக்காரர் தம் கடைவாசலில் ஓர் அறிவிப்பை மாட்டுகிறார். முகக்கவசம் அணியாதவர் உள்ளே வரக்கூடாது. நோயைக் காரணம் காட்டினாலும் விலக்கு இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. இப்படி ஒரு விதியைப் போட அவருக்கு உரிமை உண்டா? அது நியாயமா? இன்றைய பேச்சில் நாம் ஆராயவிருப்பது இதைத்தான்.

பழைய கதையை ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தொட்டுப் பொதுப் போக்குவரத்திலும் கூட்டம் கூடும் பொது இடங்களிலும் முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. மீறியவருக்கு 1,000 வெள்ளி அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. 2022 மே முதல் நாள் வெளியிடங்களில் அந்தக் கட்டாயம் நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் கட்டடங்களுக்கு உள்ளேயும் நீங்கியது. அப்போது அரசாங்கம் ஒன்றைச் சொன்னது: தம் இடத்திற்குள் வருவோர் முகக்கவசம் அணிய வேண்டுமா என்பதை அந்தந்த இடத்தின் உரிமையாளரே முடிவு செய்யலாம். அதாவது, அதுவரை சட்டத்தின் கையில் இருந்த கேள்வி கடைக்காரரின் கைக்கு வந்தது. நாளை இன்னொரு நோய் வந்தால் இதே கேள்வி மீண்டும் வாசலில் வந்து நிற்கும். அமைதியான காலத்தில் யோசித்து வைத்தால், அவசர காலத்தில் வாய்ச்சண்டை இராது.

முதலில், முகக்கவசம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். நாம் பேசும்போதும் இருமும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூடக் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் வெளியே வருகின்றன. கோவிட் போன்ற நோயின் கிருமி அந்தத் துளிகளில் ஏறித்தான் பயணம் செய்கிறது. பெரிய துளிகள் கீழே விழுந்துவிடும். மிகச் சிறியவை காற்றோட்டம் இல்லாத கடைக்குள் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். முகக்கவசம் இந்தத் துளிகளில் பெரும் பங்கைப் புறப்படும் இடத்திலேயே தடுத்துவிடுகிறது. காய்ச்சலோ இருமலோ தொடங்குவதற்கு முன்பே ஒருவர் நோயைப் பரப்பக்கூடும். ஆகவேதான், நோய் உள்ளவர் மட்டும் அணிந்தால் போதாதா என்ற கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. யாரிடம் நோய் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

இந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர். 1879ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே, 1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக்கை எதிர்க்கச் சென்றார். நோய் மூச்சுக்காற்றின் வழியே பரவுகிறது என்று கண்டு, பஞ்சையும் வலைத்துணியையும் அடுக்கி முகக்கவசம் செய்து எல்லாரையும் அணியச் சொன்னார். அவர் கருத்தை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் முகக்கவசம் இன்றி நோயாளிகளைப் பார்க்கச் சென்று, அந்த நோயாலேயே சில நாட்களில் இறந்துபோனார். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்டுபோன அந்த நோய் 1911இல் அடங்கியது. டாக்டர் வூ பிற்காலத்தில் ஈப்போவில் மருத்துவம் பார்த்து வந்தார்.

நல்லது. அப்படியானால் எல்லாரும் அணிந்துவிடலாமே, விலக்கு எதற்கு? இங்கே நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். அணிய முடியாதவர் வேறு; அணியப் பிடிக்காதவர் வேறு.

அணிய முடியாதவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு முகக்கவசம் போடக்கூடாது. மூச்சுத் திணறினால் அதைத் தானே கழற்றத் தெரியாது. கைகால் விழுந்து, பிறர் உதவியின்றி அதைக் கழற்ற முடியாதவர்களுக்கும் இது பொருந்தும். முகத்தில் துணி பட்டாலே தாங்க முடியாமல் துடிக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலர் உண்டு. முன்னொரு காலம் யாரோ வாயைப் பொத்தித் தாக்கிய கொடுமையை அனுபவித்து, மூக்கும் வாயும் மூடப்பட்டாலே நடுங்குகிறவர்களும் உண்டு. கடுமையான நுரையீரல் நோயால் நாலு அடி நடந்தாலே மூச்சிரைக்கும் முதியவர்களும் உண்டு.

ஆனால், முகக்கவசம் போட்டால் பிராணவாயு கிடைக்காது என்ற பேச்சில் உண்மையில்லை. காற்று தாராளமாக நுழைந்து வெளியேறும், தடுக்கப்படுவது துளிகள்தாம். மட்டான இழுப்பு நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் சாதாரண முகக்கவசத்தைப் பத்து நிமிடம் அணிந்து சாமான் வாங்கிவர முடியும். செம்பனைக் காட்டில் களைக்கொல்லி தெளிக்கும் நம் பெண்கள் வெயிலில் முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அது சுகமாக இருப்பதில்லை என்று அவர்களே சொல்வார்கள். சுகமாக இல்லை என்பது ஒன்று. முடியாது என்பது இன்னொன்று.

இனி, விலக்கே கூடாது என்று சொல்லும் கடைக்காரரின் பக்கத்தையும் கேட்போம். வாசலில் நிற்கும் காவலாளி மருத்துவர் அல்லர். கல்லாவில் இருக்கும் பெண்ணும் மருத்துவர் அல்லர். ஒருவர் தமக்கு நோய் என்று சொன்னால் மெய்யா பொய்யா என்று அவர்கள் எப்படிக் கண்டறிவார்கள்? இங்கிலாந்தில் 2020 ஜூலை 24ஆம் நாள் கடைகளில் முகக்கவசம் கட்டாயமானபோது, உடல்நலக் காரணம் உள்ளவர்களுக்கு விலக்கு இருந்தது. அதற்குச் சான்று காட்ட வேண்டியதில்லை. வாய்ச்சொல் போதும் என்று வைத்தார்கள். நேர்மையானவர்களுக்கு அது மானத்தைக் காத்த ஏற்பாடு. பொய் சொல்பவருக்கும் அதே கதவு திறந்தே இருந்தது. அமெரிக்காவிலோ சிலர் அரசாங்க முத்திரையைப் போலப் போட்டு விலக்கு அட்டைகளை அச்சடித்துக்கொண்டார்கள். அவை போலி என்று அந்நாட்டு நீதித்துறை 2020 ஜூனில் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

வாசலில் நிற்பவருக்கு வரும் ஆபத்து நோய் மட்டுமன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் ஃபிளிண்ட் நகரில், 2020 மே முதல் நாள், முகக்கவசம் பற்றி எழுந்த தகராறில் கடைக் காவலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பேரங்காடிகளுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளை இங்கே நினைத்துப் பாருங்கள். சாமான் வாங்க வருபவர் பத்து நிமிடத்தில் போய்விடுவார். கல்லாவில் இருக்கும் பெண்ணோ வந்துபோகும் அத்தனை பேரின் மூச்சுக்காற்றிலும் நாள் முழுவதும் இருக்கிறாள். விலக்கு என்று நாம் ஒருவருக்குக் கொடுப்பதன் விலையை அவளும் சேர்ந்து செலுத்துகிறாள்.

இந்த இரு பக்கத்தையும் எப்படிச் சமன் செய்வது? நடந்த சில நிகழ்ச்சிகள் நமக்கு வழிகாட்டும். காஸ்ட்கோ என்னும் பெரிய அமெரிக்கப் பேரங்காடி 2020 மே மாதத்தில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியபோது நோயாளிகளுக்கு விலக்கு அளித்தது. அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் முதல் அந்த விலக்கை நீக்கியது. முகக்கவசம் அணிய முடியாதவர், முகத்தின்முன் தொங்கும் பிளாஸ்டிக் முகக்கேடயமாவது அணிய வேண்டும் என்றது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை மட்டும் விட்டுவிட்டது. சிங்கப்பூரிலும் 2020 ஜூன் முதல் இதுபோன்ற ஏற்பாடு இருந்தது. முகக்கவசம் அணிந்தால் மூச்சுவிடச் சிரமப்படும் நோயாளிகளும் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர்களும் முகக்கேடயம் அணியலாம் என்று அனுமதித்தார்கள். முகக்கேடயம் ஓரங்களில் திறந்திருப்பதால் மிதக்கும் சிறு துளிகளை நன்றாகத் தடுக்காது. ஆயினும் ஒன்றும் இல்லாமல் வருவதற்கு அது மேல்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஜயண்ட் ஈகிள் என்னும் மளிகைக் கடைகளின் மீது உடற்குறை உள்ள சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 1990ஆம் ஆண்டின் அமெரிக்க உடற்குறையுடையோர் சட்டப்படி, கடைகள் அத்தகையோருக்காகத் தங்கள் விதியை நியாயமான அளவில் தளர்த்த வேண்டும். அதைக் காட்டி, தங்களை முகக்கவசம் இன்றி உள்ளே விட வேண்டும் என்றார்கள். கடையோ, வேண்டிய சாமான்களை வாசலில் கொண்டுவந்து தருகிறோம், வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று மாற்றுவழிகளைக் காட்டியது. உள்ளே விடும்படி உடனடி உத்தரவு பிறப்பிக்க நீதிமன்றம் 2020 அக்டோபரில் மறுத்துவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இன்னொரு வழக்கு. முகக்கவசம் போட்டால் மூச்சுவிடச் சிரமம் என்று சொன்ன வாடிக்கையாளர், தம் உடற்குறை இன்னதென்று மனித உரிமை மன்றம் கேட்டபோது விவரம் தர மறுத்தார். அவருடைய முறையீட்டை மன்றம் 2021இல் ஏற்கவில்லை. உடற்குறைக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, விருப்பமின்மைக்கு அது கிடையாது என்பதே அம்மன்றம் கூறியதன் சாரம்.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? நோயாளிக்கு வேண்டியது கடைக்குள் கால் வைப்பதா, அரிசியும் பருப்பும் பால்மாவும் கைக்கு வந்து சேர்வதா? பின்னதுதான். இன்னொன்றும் உண்டு. நுரையீரல் நோயால் முகக்கவசம் அணிய முடியாதவர்தாம், கோவிட் தொற்றினால் மிகவும் மோசமாகப் பாதிக்கப்படக்கூடியவர். விலக்கு கொடுத்து அவரைக் கூட்டத்திற்குள் அனுப்புவது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் அவரை நெருப்புக்குப் பக்கத்தில் நிறுத்துவதாகும். சாமானை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதே மெய்யான இரக்கம்.

ஆகவே, உள்ளே வருவோர் எல்லாரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று ஒரு கடை வற்புறுத்துவது தவறன்று. ஆனால் அணிய முடியாதவருக்கு வேறு வழி வைத்த பிறகே அப்படி வற்புறுத்தலாம். இதுவே நம் முடிவு.

இந்த நிபந்தனை தோட்டப்புறத்தில் மிக முக்கியமானது. பட்டணத்தில் ஒரு கடை மறுத்தால் அடுத்த கடை உண்டு. கைப்பேசியில் சொன்னால் வீட்டுக்கே வரும். பல தோட்டங்களில் கடை ஒன்றே ஒன்றுதான். 555 புத்தகத்தில் கணக்கு எழுதிச் சம்பளத்தன்று அடைக்கும் குடும்பம் வேறு கடைக்குப் போனால் கடன் கிடைக்காது. பட்டணத்துக்குப் போக மோட்டார் சைக்கிளும் இல்லாத முதியவருக்கு, அந்த ஒரே கடையின் கதவை அடைப்பது வீட்டு அடுப்பை அணைப்பதற்குச் சமம். பெரிய கடைக்குப் பொருந்தும் விதியை அப்படியே ஒட்டுக்கடையில் மாட்டினால் அநீதியாகிவிடும். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், பொதுமக்களுக்கான வசதிகளையும் சேவைகளையும் பெறும் உரிமையை அவர்களுக்குக் கூறுகிறது. ஆனால் அந்த உரிமையை மறுப்பவருக்கு அது தண்டனை வகுக்கவில்லை. எனவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திராமல் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

என்ன ஏற்பாடு? கடைக்காரர் வாசலுக்கு வெளியே ஒரு மேசை போட்டால் போதும். அணிய முடியாதவர் அங்கே நின்று வேண்டியதைச் சொல்லலாம். அல்லது துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பலாம். எடுத்துக் கொடுப்பதற்குக் கூடுதல் காசு வாங்கக்கூடாது. என்ன நோய் என்று நாலு பேர் முன்னிலையில் கேட்கக்கூடாது. வாசலில் சில முகக்கவசங்களை வைத்திருந்தால், மறந்து வந்தவரோடு சண்டை வராது. காது கேளாதவர்கள் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அவர்களிடம் எழுதிக் காட்டிப் பேசலாம்.

நம் குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. அணிய முடியுமா என்ற ஐயம் இருந்தால், அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு முடிவு செய்யாமல் கிளினிக்கில் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லயத்தில் எந்த வீட்டில் முடியாத பெரியவர் இருக்கிறார் என்று நமக்குத் தெரியும். அவருடைய சீட்டையும் வாங்கிக்கொண்டு போவது நமக்குப் பாரமில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர், பிடிக்கவில்லை என்பதற்காக நோயாளியின் பெயரைச் சொல்லி நுழையாதீர்கள். பொய் விலக்கு பெருகப் பெருக, மெய்யான நோயாளியின் சொல்லையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தொற்றுநோய் காலத்தில் அதுவரை காத்திருக்க முடியாது. பிறர் தலைவலியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லாவில் இருக்கும் பெண்ணும் நம் வீட்டுப் பிள்ளை. வாசலில் மூச்சிரைக்க நிற்கும் பெரியவரும் நம் வீட்டு மனிதர். இருவரில் ஒருவரைக் காக்க மற்றவரைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு மேசையும் ஒரு துண்டுச் சீட்டும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இருவரையும் காக்கலாம்.