மொறிஸ் மைனரும் ஒழுகும் எண்ணெயும்

உப்புவெளியில் பழைய மொறிஸ் மைனர் வைத்திருப்போர் முற்றத்து மணலிற் கரும்பொட்டைக் கண்டு கலங்குவதுண்டு. "எஞ்சினை இறக்கவேண்டும்" என்று கராச்சிற் சொல்லிவிட்டாலோ மாதச் செலவுக் கணக்கே குலைந்துவிடும். சற்றுப் பொறுப்போம்.

எண்ணெய் சொட்டும் இடம் வேறு. கசியும் இடம் வேறு. மேல்மூடியிற் கசிவது வழிந்து, ஓட்டக் காற்றிற் பின்னோக்கிப் பரவி, அடியிலே சொட்டும். ஆறிய எஞ்சினைக் கழுவித் துடைத்து, முகப்பவுடர் தூவி, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் ஈரம் எழும் இடம் புலனாகும். மேலிருந்து கீழாகத் தேடுக.

1952 முதல் இக்காருக்கு வாய்த்த ஏ-வரிசை எஞ்சினின் பின்புறத்தே றப்பர் அடைப்பு இல்லை. கிராங் தண்டிலுள்ள திருகுப் பள்ளமே, சுழலுங்கால், எண்ணெயை உள்ளே திருப்புகிறது. நின்றபின் சில துளி விழுதல் அதன் பிறவிக் குணம். (அதற்கென்றே கிளச் கூட்டின் அடியில் துளையொன்றும் விட்டனர் ஆங்கிலேயர்!) எஞ்சின் மூச்சுவிடும் குழாய் அடைபட்டாலோ உள்ளமுக்கம் மிகுந்து, பழுதில்லாக் கஸ்கெற்றுகளூடாகவும் எண்ணெய் பீறும். அக்குழாயைக் கழுவுதற்குச் செலவில்லை. நாம் முதலிற் பார்க்கச் சொல்வதும் அதனையே. மூடிகளின் தக்கைக் கஸ்கெற்றை மாற்றுவோர் ஆணியை மிகையாக முறுக்கற்க. தகடு வளைந்து மீண்டும் கசியும்.

இத்தனைக்கும் பிறகு அளவுகோலில் எண்ணெய் நாள்தோறும் இறங்கி, கிளச்சும் வழுக்குமாயின், அப்போது எஞ்சினை இறக்கலாம்.