ஸ்டியரிங் நட்டுக்கும் ஒரு பில் வாங்குங்கள்

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், உத்தரப்பாராவில் தயாரான அம்பாசடர், பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினி. இவற்றில் ஒன்றைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் பெயின்ட்டுக்கும் குரோம் பூச்சுக்கும் மாதக்கணக்கில் அலைகிறார்கள். வெடித்துப்போன ஸ்டியரிங் வீலை எபாக்சி வைத்து நிரப்பி, தேய்த்து, பளபளப்பாக்கிவிடுகிறார்கள். அந்த வீலை ஷாஃப்ட்டோடு பிடித்து வைத்திருக்கும் நடு நட்டும் அதன் அடியிலுள்ள பூட்டு வாஷரும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. பட்டறையின் பழைய டப்பாவில் கிடந்ததில் எது ஏறியதோ அதைப் போட்டிருப்பார்கள். அல்லது கடைக்காரர் ‘ஒரிஜினல் சார்’ என்று வாயால் சொன்னதை நம்பி, பில் இல்லாமல் வாங்கியிருப்பார்கள். ஓடும் காரில் வீல் கையோடு கழன்று வந்தால் ஓட்டுநருக்கு வேறு போக்கே இல்லை. இவ்வளவு அலட்சியம் இந்த ஒரு நட்டின் மீது ஏன் என்பது விளங்கவில்லை.

ஆபத்து எங்கே என்பதை முதலில் பார்ப்போம். ஹெரால்டும் அம்பாசடரும் பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்தவை. அவற்றின் மரைகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. பத்மினி இத்தாலிய ஃபியட் 1100-இன் வழி வந்தது. அதில் மில்லிமீட்டர் கணக்கு. தொண்ணூறுகளில் இசுசு எஞ்சினோடு வந்த அம்பாசடரில் இரண்டு கணக்கும் கலந்திருக்கும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. அரை அங்குல நுண்மரையின் (யூ.என்.எஃப்.) விட்டம் 12.7 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1.27 மி.மீ. மெட்ரிக் எம்12 நுண்மரையின் விட்டம் 12 மி.மீ., இடைவெளி 1.25 மி.மீ. இடைவெளி ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அரை அங்குல நட்டு எம்12 ஷாஃப்ட்டில் சுலபமாக ஏறிவிடும். ஸ்பேனர் போட்டால் இறுகுவது போலவும் இருக்கும். ஆனால் உள்ளே மரைகளின் நுனி மட்டுமே ஒன்றையொன்று பிடித்திருக்கிறது. போதிய விசை வந்தால் அந்த நுனி உரிந்துவிடும். எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது: எம்12 நட்டு அரை அங்குல ஷாஃப்ட்டில் ஏறாது என்றதும், நட்டுக்குள் டேப் ஓட்டி மரையை அறுத்து ஏற்றுகிறார்கள். இரண்டுமே கூடாது. சரியான நட்டு கையாலேயே பல சுற்று ஏற வேண்டும். ஏறிய பிறகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. வெர்னியரும் மரை கேஜும் வைத்து ஷாஃப்ட்டையும் நட்டையும் தனித்தனியே அளந்து எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ‘ஹெரால்ட் நட்டு’ என்று மட்டும் கேட்டால் கையில் வருவது கடைக்காரரின் ஊகம்தான்.

வீலின் நடுத்துளையிலுள்ள ஸ்பிளைன் பற்களும் அப்படித்தான். எண்ணிக்கையும் விட்டமும் ஷாஃப்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றிய வீல் சரியான வீல் அல்ல. வெளியிலிருந்து வாங்கிய மர வீலைப் பொருத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: ஆறு போல்ட் வட்டத்தின் விட்டம் மோமோ வீலில் 70 மி.மீ., நார்டி வீலில் 74 மி.மீ. ஒன்றுக்கான பாஸில், அதாவது வீலை ஷாஃப்ட்டோடு இணைக்கும் நடுத்துண்டில், மற்றதைப் பொருத்த அரத்தால் துளையை நீட்டுவது அறவே கூடாது. நைலான் வளையமுள்ள நட்டையும் மடித்துப் பூட்டும் வாஷரையும் ஒரு முறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். வலிமை கூடிய எஃகு போல்ட்டை அழகுக்காகக் குரோம் பூசக் கொடுக்காதீர்கள். அமிலக் குளியலிலும் பூச்சிலும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை முறியும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். அதைப் போக்க, பூச்சு முடிந்த உடனே மணிக்கணக்கில் சூடேற்றி வைக்க வேண்டும். தெருமுனைப் பூச்சுக்கடையில் அதைச் செய்வார்கள் என்று நம்ப இடமில்லை.

‘பழைய ஒரிஜினலே கிடைக்காதபோது என்ன செய்வது’ என்பது நியாயமான கேள்வி. மரை தேய்ந்த ஒரிஜினல் நட்டைவிட, அதே மரையும் அதே வலிமைத் தரமும் கொண்ட புதிய நட்டு எவ்வளவோ மேல். போல்ட்டின் தலையில் மூன்று கோடு இருந்தால் எஸ்.ஏ.இ. தரம் 5, ஆறு கோடு இருந்தால் தரம் 8. மெட்ரிக் போல்ட்டில் 8.8, 10.9 என்று எண்ணே பொறித்திருக்கும். குறியீடே இல்லாத போல்ட்டை ஸ்டியரிங் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பழைய நட்டை உறையில் போட்டு, வண்டியின் ஆவணங்களோடு வைத்துக்கொள்ளலாம். இதற்கு எதிராகச் சில விற்பனையாளர்கள் ஒரு பயத்தைக் கிளப்புகிறார்கள்: ஒரிஜினல் ஸ்டியரிங் இல்லாவிட்டால் ‘விஏ’ எழுத்துள்ள விண்டேஜ் பதிவு எண் கிடைக்காதாம். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் விதி, 50 ஆண்டு கடந்த வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. பெரும் மாற்றம் என்று அது எடுத்துச் சொல்வது சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றத்தை. விண்ணப்பம் படிவம் 20-இல், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஒரு நட்டுக்காக இந்தப் பயத்தில் பத்து மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. சட்டம் ஸ்டியரிங் பற்றிக் கேட்பது வேறு: அதே விதிகளின் 98-ஆம் விதிப்படி ஸ்டியரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஸ்டியரிங் இணைப்புகளிலுள்ள போல்ட்டும் பின்னும் திறம்படப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பதினைந்து ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோகும்போது ஆய்வாளர் இதைத்தான் பார்க்க வேண்டும். ஹாரனையும் விளக்கையும் மட்டும் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஆய்வு ஆகாது. அப்படி வாங்கிய கையெழுத்தை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

இனி வாங்கும் இடத்துக்கு வருவோம். சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் யார் பில் தருவார்கள் என்று கேட்கலாம். கேட்டால்தான் தருவார்கள். நாமோ கேட்காமலே ‘தரமாட்டார்கள்’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)-இல் முறையற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. பில் கொடுக்காமல் இருப்பது அதில் உண்டு. பழைய அல்லது சரிசெய்த பொருளைப் புதியது என்று விற்பதும் உண்டு. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் உண்டு. அசல் என்று பொய் சொல்லி விற்பதைப் போலிப் பொருள் என்று பிரிவு 2(43) வரையறுக்கிறது. ஆகவே பில்லில் ‘ஸ்பேர்ஸ்’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எந்த வண்டி, எந்த மாடல், பாகத்தின் எண், மரை அளவு, புதியதா பழையதா, லேத்தில் செய்ததா என்பதை எழுதி வாங்குங்கள். கடைக்காரர் மறுத்தால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நட்டைத் திரும்ப வைத்துவிட்டு வாருங்கள். யு.பி.ஐ. ரசீது மட்டும் போதாது. அது பணம் போனதைக் காட்டும், என்ன வாங்கினீர்கள் என்பதைக் காட்டாது. அதோடு, ‘இன்ன பாகம், இன்ன அளவு, ஒரிஜினல் என்று சொல்லி வாங்கினேன்’ என்று கடைக்காரரின் எண்ணுக்கு அன்றே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி வையுங்கள்.

தவறான பொருள் என்று தெரிந்த பிறகு பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஆத்திரத்தில் அதை அரத்தால் தேய்த்து, எப்படியாவது பொருந்த வைக்கப் பார்ப்பார்கள். அந்தக் கணமே சாட்சி அழிந்துவிடும். குறை சோதனையில்தான் தெரியும் என்றால், நுகர்வோர் ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும் என்பது சட்டம். தேய்த்த நட்டை எந்த ஆய்வகம் சோதிக்கும்? தொடாதீர்கள், அறுக்காதீர்கள், டேப் ஓட்டாதீர்கள். கேஜும் வெர்னியரும் படத்தில் தெரியும்படி போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். பிறகு விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சமரசம் செய்து வைப்பார்கள், உத்தரவு போட முடியாது, அதோடு நின்றுவிடாதீர்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தரலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணைய விற்பனைத் தளத்தில் வாங்கியிருந்தால் முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்; 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

முன்னூறு ரூபாய் நட்டுக்கு வழக்கா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணமே இல்லை. நட்டின் விலையை மட்டும் அல்ல, அதனால் மரை உரிந்துபோன ஷாஃப்ட்டுக்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் இரண்டு எல்லைகளை மறக்க வேண்டாம். வியாபாரி அல்லாத தனிநபரிடம், அவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த வண்டியிலிருந்து வாங்கிய பாகத்துக்கு இந்தச் சட்டம் உதவுவது கடினம். மறுவிற்பனைக்காக வாங்கியவரும் நுகர்வோர் ஆகமாட்டார். பட்டறைக்காரரே பாகத்தை வாங்கி உங்கள் வண்டியில் பொருத்தியிருந்தால், சேவைக் குறைபாடு என்று அவர் மீதே நீங்கள் புகார் செய்யலாம். அதற்கும் பில் வேண்டும். பட்டறை பில்லில் நட்டும் வாஷரும் தனி வரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். வண்டி பட்டறையில் வருடக்கணக்கில் நிற்கும்போது இந்தக் காலம் யாருக்கும் தெரியாமல் கழிந்துவிடுகிறது. ஆகவே பாகத்தை வாங்கிய வாரமே அளந்து பாருங்கள், ஷாஃப்ட்டில் கையால் ஏற்றிப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், பில்லோடு திருப்பிக் கொடுங்கள்.