காப்பகத்திலிருந்து திரும்பிய நாயைக் கவனித்தல்

கமக்காரருக்கு நாய் ஒரு துணைவேலையாள் போன்றது. இரவிற் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வயலையும் மரவள்ளித் தோட்டத்தையும் நெருங்கும்போது முதலிற் குரல் கொடுப்பது அதுவே. பகலிற் குரங்குகளைத் துரத்துவதும், களத்து நெல்லுக்குக் காவலிருப்பதும் அதன் பணிகளாகும். அத்தகைய நாயைச் சில நாட்களுக்குப் பிறரிடம் ஒப்புவிக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் வீட்டாருக்கு ஏற்படுவதுண்டு. கதிர்காம யாத்திரை, தூரத்து ஊரில் நடக்கும் திருமணம், வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சை ஆகியன அவற்றுட் சில. அவ்வேளைகளில் நகரத்திலுள்ள நாய்க் காப்பகத்திலோ, பல நாய்களை வளர்க்கும் உறவினரின் வளவிலோ நாயை விட்டுச் செல்வர்.

திரும்பி வந்த நாய் வாலை ஆட்டி வீட்டாரைச் சுற்றி ஓடும். நாய் சுகமாக வந்துவிட்டது என எண்ணி வீட்டாரும் தத்தம் வேலைக்குச் செல்வர். தவறு நேர்வது இங்கேயே. காப்பகத்தில் தொற்றிய நோய் பெரும்பாலும் அங்கேயே வெளிப்படுவதில்லை. வீடு வந்து மூன்று நாள், ஒரு வாரம், சிலவேளை ஒரு மாதம் கழிந்த பின்னரே வெளிப்படும். ஆதலால் நாய் திரும்பிய திகதியைக் கலண்டரிற் குறித்து, முதற் பதினான்கு நாட்களும் நாள்தோறும், அதன்பின் ஆறாவது வாரம் வரை வாரமொருமுறையும் அதனைச் சோதித்தல் வேண்டும்.

நோய் தொற்றுவதற்குக் காரணங்கள்

காப்பகத்திற் பல இடங்களிலிருந்து வந்த நாய்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று இருமும்போது மற்றொன்று அக்காற்றைச் சுவாசிக்கின்றது. நீர்ப் பாத்திரம், மலம், சிறுநீர், பராமரிப்போரின் கைகள் ஆகியவற்றாலும் நோய்கள் பரவும். நாய் உண்ணிகள் சுவர் வெடிப்புக்களில் ஒளிந்திருந்து, புதிதாக வரும் நாயின்மீது ஏறும். மேலும், புதிய இடமும் ஓயாத குரைப்பொலியும் நாயின் உறக்கத்தையும் உணவையும் குறைப்பதால் அதன் எதிர்ப்புச் சக்தியுங் குன்றுகின்றது. துப்புரவான காப்பகத்தில் இவ்வாபத்துக் குறைவு. எனினும் முற்றாக இல்லையெனக் கூறுதல் இயலாது.

இயல்பான மாற்றங்கள்

வந்த முதல் இரண்டு நாட்களில் நாய் வழமையிலும் அதிகமாக உறங்கலாம். குரைத்துக் குரைத்துக் குரல் கம்மியிருக்கலாம். உணவு மாறியதால் மலம் சிறிது இளகியிருக்கலாம். இவை தாமாகவே மாறுவன. மூன்றாம் நாளும் நீடிக்குமாயின், அல்லது மலத்தில் இரத்தங் காணப்படுமாயின், அவற்றை இயல்பானவையெனக் கொள்ளலாகாது.

வந்த அன்றே செய்ய வேண்டியவை

வீட்டில் குட்டிகளோ வேறு நாய்களோ இருப்பின், திரும்பிய நாயைப் பதினான்கு நாட்கள் தனியே வைத்துத் தனிப் பாத்திரத்தில் உணவும் நீரும் கொடுத்தல் நன்று.

காதுகளின் உட்புறம், கழுத்து, கால்விரல்களின் இடுக்குகள் ஆகியவற்றைத் தடவி உண்ணிகள் உளவா எனப் பார்த்தல் வேண்டும். கடிகாயம் உண்டா என்பதையும் மயிரை விலக்கிப் பார்த்தல் வேண்டும்.

மேலுதட்டை உயர்த்தி முரசைப் பார்க்க. சுகமான நாயின் முரசு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் மீண்டும் சிவக்கும். சில நாய்களின் முரசு இயல்பாகவே கறுத்திருக்கும். அவற்றிற் கீழிமையின் உட்புறத்தைப் பார்த்தல் வேண்டும்.

நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தராசில் ஏறி நின்று, பின்னர் தனியே நின்று நிறுத்தால், இரண்டுக்குமுள்ள வேறுபாடே நாயின் நிறையாகும். சுகமான நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 பாகை பரனைற்று வரை இருக்கும். அமைதியாக உறங்கும்போது அது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விடுவதில்லை. இவற்றைக் குறித்து வைத்தால், பின்வரும் நாட்களில் ஏற்படும் மாற்றம் எளிதிற் புலப்படும்.

நாட்கணக்கும் நோயும்

மூன்றாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையில் பெரிதுங் காணப்படுவது காப்பக இருமலாகும். தொண்டையில் எலும்பு சிக்கியது போல நாய் வறட்டு இருமல் இருமி, முடிவில் வெண்ணுரையைக் கக்கும். உணவில் விருப்பங் குறையாதிருப்பின் இது ஒன்று முதல் மூன்று வாரத்திற் குணமாகலாம். அதுவரை கழுத்துப் பட்டியில் இழுத்துக் கட்டுதலும், புகை மண்டிய இடத்தில் விடுதலும் ஆகா. காய்ச்சலும், மூக்கிலிருந்து மஞ்சள் அல்லது பச்சைச் சளியும் தோன்றினால் நுரையீரல் தாக்கப்பட்டிருக்கக்கூடும்.

ஏறத்தாழ இதே நாட்களில் பார்வோ என்னும் வைரசு நோயும் வெளிப்படும். சோர்வு, ஓயாத சத்தி, துர்நாற்றத்தோடு இரத்தங் கலந்த வயிற்றோட்டம் ஆகியன இதன் குறிகள். தடுப்பூசி பெறாத குட்டிகள் இரண்டு மூன்று நாட்களுக்குள் இறந்துவிடலாம். இவ்வைரசு மண்ணிற் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். சீமெந்துத் தரையாயின் மலத்தை அகற்றிக் கழுவிய பின், வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு நீர் முப்பது பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுக.

கண்ணிலும் மூக்கிலும் சீழ்போன்ற கசிவும் காய்ச்சலும் இரண்டாம் வாரத்தையொட்டித் தோன்றினால் டிஸ்டெம்பர் நோயென ஐயுறல் வேண்டும். சில வாரங்களின் பின் தசைத் துடிப்பும் வலிப்பும் வருதலுண்டு.

உண்ணியினால் வரும் காய்ச்சல்கள் ஒன்று முதல் நான்கு வாரங்களுள், சிலவேளை அதற்கும் பின்னர், வெளிப்படும். முரசு வெளிறுதல், சிறுநீர் கடும் நிறமாதல், மூக்கில் இரத்தம் வடிதல், விரைவிற் களைத்தல் ஆகியன இவற்றின் அடையாளங்கள். இக்காய்ச்சல் கண்ட காவல் நாய் பகலில் உணவருந்தினும், இரவிற் பன்றியின் ஓசை கேட்டும் எழாமற் கிடக்கும். வயதாகிவிட்டது என்றோ, சோம்பல் என்றோ அதனைத் தள்ளிவிடலாகாது.

மனிதருக்கும் உண்டாகும் ஆபத்து

எலிக்காய்ச்சல் வயலில் இறங்குவோர் நன்கறிந்த நோய். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய் கண்டதாக ஐயுறப்பட்டனர். இதனைப் பரப்புவது எலி மட்டுமன்று. நோய் தொற்றிய நாயின் சிறுநீரிலும் இக்கிருமி வெளியேறும். நாய்க்குக் காய்ச்சல், சத்தி, தசைநோவு, கண் மஞ்சளித்தல் ஆகியன காணப்பட்டால், அதனை வாய்க்காலுக்கும் கிணற்றடிக்கும் விடாது கட்டிவைத்து, கையுறையும் சப்பாத்தும் அணிந்தே துப்புரவு செய்க. அந்நாட்களில் வீட்டாருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், வயல் வேலையையும் நாயின் நோயையும் வைத்தியரிடம் தவறாது தெரிவித்தல் வேண்டும்.

நீர்வெறுப்பு நோய் பல வாரங்கள், ஏன் மாதங்கள் கழிந்தும் வெளிப்படலாம். 1973ஆம் ஆண்டில் இந்நோயால் இலங்கையில் 377 பேர் இறந்தனர். தடுப்பூசியின் பயனாக அத்தொகை பெரிதுங் குறைந்துள்ளது. எனினும் நோய் முற்றாக ஒழியவில்லை. காரணமின்றிச் சீறுதல், இருளில் ஒளிதல், குரல் மாறுதல், கீழ்த்தாடை தொங்கி உமிழ்நீர் வடிதல், விழுங்க இயலாமை ஆகியன காணப்பட்டால், எலும்பு சிக்கியதென எண்ணி வாயினுட் கையை விடுதல் உயிராபத்தாகும். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

செய்யத்தகாதவை

நாய்க்குக் காய்ச்சலெனக் கண்டு மனிதருக்குரிய பரசிற்றமோல், இபுபுறூபன் ஆகிய குளிகைகளைக் கொடுத்தலாகாது. இவை நாயின் ஈரல், சிறுநீரகம், இரைப்பை ஆகியவற்றைக் கெடுக்கும். உண்ணியைக் கொல்லப் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிநாசினியையோ மண்ணெண்ணெயையோ உடலிற் பூசுதலும் ஆகாது. நாய் அதனை நக்கியும், தோலின் வழியாகவும் நஞ்சேறி இறக்கும். சத்தியெடுக்கும் நாயின் வாயைத் திறந்து கஞ்சி ஊற்றினால் அது மூச்சுக்குழாயினுட் சென்றுவிடலாம்.

தாமதியாது வைத்தியரிடம் செல்ல வேண்டிய வேளைகள்

ஒருநாள் முழுதும் உணவை மறுத்தல், மீண்டும் மீண்டும் சத்தியெடுத்தல், மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம், முரசு வெளிறுதல் அல்லது மஞ்சளித்தல், 103 பாகைக்கு மேற்பட்ட காய்ச்சல், மூச்சுத் திணறல், நடை தள்ளாடல், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும், அண்மையிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுக. நாய் காப்பகத்திலிருந்து வந்த திகதி, தடுப்பூசி அட்டை, குறித்து வைத்த வெப்பமும் நிறையும் ஆகியவற்றை வைத்தியரிடங் காட்டினால் அவர் நோயை விரைவில் நிர்ணயிக்க இயலும். காப்பகத்தாருக்கும் செய்தி அனுப்புதல் கடமையாகும். அங்குள்ள பிற நாய்களை அதனாற் காப்பாற்றலாம்.

அடுத்த முறை விட்டுச் செல்லுமுன்

நீர்வெறுப்பு, பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைப் புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே முடித்தல் வேண்டும். புறப்படும் நாளில் ஏற்றினால் அது பலன் கொடுக்குமுன் நோய் முந்திவிடும். உண்ணி மருந்தை வைத்தியரின் ஆலோசனைப்படி இடுக. நாயின் நிறையையும் வழமையான உணவளவையும் எழுதி, ஒரு பிரதியைக் காப்பகத்தாரிடம் கொடுத்து, மற்றொன்றை வீட்டில் வைத்திருத்தல் நன்று.

நாள்தோறும் காலையில் ஐந்து நிமிடம் செலவிட்டு முரசையும் மலத்தையும் உணவையும் கவனிப்பது பெருஞ் சிரமமன்று. விளைச்சலையும் வீட்டையும் காக்கும் நாய் தன் நோயை வாயாற் சொல்லமாட்டாது. அதனை உரிய நாளிற் கண்டறிதல் வளர்ப்பவரின் பொறுப்பாகும்.