தொகுப்பானின் கீழெல்லையும் புதிய கட்டமைப்புகளும்

ஒவ்வொரு முறைவழியாக்கிக் கட்டமைப்பும் தனக்கெனக் கட்டளைத் தொகுதியொன்றைக் கொண்டது. மனிதர் எழுதும் மூலநிரலை அக்கட்டளைகளாக மாற்றும் கருவியே தொகுப்பான். மென்பொருளொன்றை ஆக்குவதற்குத் தொகுப்பானின் எந்தப் பதிப்பாவது வேண்டும் என விதிக்கும்போது, எவருடைய பழைய இயந்திரம் தொடர்ந்து பயன்படும், அதற்காக எவர் உழைப்பர் என்பனவும் உடன் தீர்மானிக்கப்படுகின்றன. லினக்ஸ் கருவின் அண்மைக்கால வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

புதிய கட்டமைப்பொன்று சேரும்போது, அதனை அறிந்த தொகுப்பானும் புதியதாகவே இருத்தல் வேண்டும். றிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பை ஜி.சி.சி. தனது 7 ஆம் பதிப்பிலேயே (2017) ஏற்றது. 2018 இல் அக்கட்டமைப்பு லினக்ஸ் 4.15 இல் இடம்பெற்றபோது, கருவின் பொதுக் கீழெல்லை ஜி.சி.சி. 3.2 ஆகவே இருந்தது. சீனாவின் லூங்ஆர்க் 2022 இல் இணைந்தபோதும் நிலைமை இதுவே. அதற்கு ஜி.சி.சி. 12 தேவைப்பட்டது; பொதுக் கீழெல்லையோ 5.1. புதியவரின் தேவை ஏனையோர் மீது சுமத்தப்படவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

கீழெல்லை பிறிதொரு காரணத்தாலும் வேறுபடலாம். 5.1 க்கு முந்திய ஜி.சி.சி. பதிப்புகள் 64 பிற்று ஆர்ம் கட்டமைப்புக்குப் பிழையான கட்டளைகளை ஆக்கின. அடுக்கின் சுட்டி நகர்ந்த பின்னரும், கைவிடப்பட்ட நினைவிடத்தை அவை வாசித்தன. அக்கணத்தில் குறுக்கீடொன்று நேரின் தரவு சிதையும். தொகுக்கும்போது எவ்வித எச்சரிக்கையும் எழாது. பின்னர் கோப்பு முறைமையில் அரிதாகத் தோன்றும் வழுக்களே அதன் அடையாளம். எனவே 2021 ஜனவரியில் அக்கட்டமைப்புக்கு மாத்திரம் கீழெல்லை 5.1 ஆக்கப்பட்டது, பொது எல்லை 4.9 ஆகவே இருந்தது. அவ்வாண்டிலேயே இவ்வெல்லைகளைக் கட்டமைப்பு வாரியாக ஒரே சிறுநிரலில் பதிந்து, ஆக்கத்தின் தொடக்கத்திலேயே சோதிக்கும் முறையும் வந்தது. பொருந்தாத தொகுப்பானுடையவர் காரணத்தை உடனே அறிகின்றார்.

இதனால் பொது எல்லையை ஒருபோதும் உயர்த்தலாகாது என்று கொள்வது தவறாகும். பழைய பதிப்புகளின் குறைகளுக்கு மாற்றுவழி எழுதிக் காப்பதும் உழைப்பே. அதன் பயனைப் பெறுவோர் பலர், சுமையைத் தாங்குவோர் சிலர். 2021 இன் பிற்பகுதியில் பொது எல்லையும் 5.1 ஆக உயர்ந்தது. அதன் பயனாக, 1989 ஆம் ஆண்டின் சி மொழி நியமத்தைப் பற்றிநின்ற கரு, 2022 இல் 2011 ஆம் ஆண்டின் நியமத்துக்கு மாறிற்று. 2025 இல் எல்லை 8.1 ஆயிற்று.

ஆயினும் ஒவ்வோர் உயர்வும் எவரையேனும் வெளியே நிறுத்துகின்றது. ரெட் ஹாட் 7 வழங்கலின் தொகுப்பான் ஜி.சி.சி. 4.8, 2020 இல் எல்லை 4.9 ஆனபோது, அதனையே நம்பியிருந்தோர் புதிய கருவை ஆக்க வேறு தொகுப்பானைத் தேட நேர்ந்தது. புதிய இயந்திரம் வாங்க வசதியற்ற ஆய்வுகூடங்களுக்கு இத்தகைய தேடல் எளிதன்று.

ஆதலின், ஒரு கட்டமைப்பின் தேவையை அக்கட்டமைப்பின் எல்லைக்குள்ளேயே வைத்தலும், பொது எல்லையை உயர்த்துமிடத்து அனைவரும் பெறும் பயனையும் சிலர் இழப்பதையும் வெளிப்படையாக எடுத்துரைத்தலும் வேண்டும். பதிப்பெண் ஒன்றினுள் மறைந்துகிடக்கும் சமூக உறவு அப்பொழுதுதான் விவாதத்திற்கு வரும்.