அலமாரிகளுக்கு நடுவே ஒரு தனி மரம்

புதிதாகத் தனிக் குடித்தனம் போன பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் எல்லாம் ஆனந்தமாகத்தான் இருக்கும். கேட்பாரில்லை, அதிகாரம் செய்வாரில்லை! ஆனால், பத்தாம் நாள் பால் திரிந்துபோய், ரசத்தில் உப்பும் கூடிப்போய், வாசலில் விருந்தாளியும் வந்து நின்றால்? "மாமி, கொஞ்சம் வந்து பாருங்களேன்!" என்று அடுத்த வீட்டுக் கதவைத்தானே கை தட்டும்?

லைப்ரேரியன் உத்தியோகமும் ஏறக்குறைய இந்தத் தனிக் குடித்தனம் போலத்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் நாற்பது பேர் இருப்பார்கள், லைப்ரேரியன் ஒருவர்தான். கணக்கு டீச்சருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் இன்னொரு கணக்கு டீச்சர் இருக்கிறார். லைப்ரேரியனுக்குச் சந்தேகம் வந்தால்? அலமாரியைத்தான் கேட்க வேண்டும். அலமாரி எந்தக் காலத்தில் பதில் சொல்லியிருக்கிறது?

எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் சென்னையில் ஒரு பள்ளியில் லைப்ரேரியனாக இருக்கிறார். கெட்டிக்காரி. ஆனால் சங்கம், கூட்டம் என்றாலே ஒதுங்கிவிடுவார். "எனக்கு எதற்கு அதெல்லாம்? நான் உண்டு, என் புத்தகங்கள் உண்டு" என்பார். ஒரு நாள் நிர்வாகத்திலிருந்து ஓலை வந்தது. நூலக அறையை வகுப்பறையாக மாற்றப் போகிறார்களாம். புத்தகங்களை மூட்டை கட்டி மாடியில் வைத்துவிடலாமாம். "யார் வந்து படிக்கிறார்கள்?" என்று ஒரு கேள்வி வேறு!

சகோதரிக்குக் கண்ணீர் வந்ததே தவிர, பதில் வரவில்லை. அந்தக் கதையின் முடிவைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இன்னொருவர் கதையைக் கேளுங்கள்.

சீர்காழியில் பிறந்த சி. ரா. ரங்கநாதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். நூலக இயலின் தந்தை என்று பின்னால் உலகம் கொண்டாடிய அந்த மனிதர் அப்போது என்ன செய்தார் தெரியுமா? ஓடப் பார்த்தார்! மாணவர்கள் கூட்டத்துக்கு நடுவே இருந்தவருக்கு அந்த அறையின் தனிமை தாங்கவில்லை. பழைய கல்லூரித் தலைவரிடமே போய், "என்னைத் திரும்ப எடுத்துக் கொள்ளுங்கள்" என்று கேட்டார். அவர், "முதலில் இங்கிலாந்து போய் நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இங்கிலாந்தில்தான் ரசவாதம் நடந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தார். க்ராய்டன் நகர நூலகத் தலைவர் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு வழி காட்டினார். ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார். அங்கே வேலை செய்பவர்களோடு பேசினார். அறைக்குள் அலுப்பாகத் தெரிந்த அதே வேலை, அதைச் செய்யும் மனிதர்களைச் சந்தித்த பிறகு ஒரு பெரிய தொண்டாகத் தெரிந்தது! 1925-ல் திரும்பியவர், சுமார் இருபது வருஷம் அந்த நாற்காலியை விட்டு அசையவில்லை.

தனக்குக் கிடைத்த மருந்தை மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டுமல்லவா? 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. ரங்கநாதன் அதன் காரியதரிசி. "சங்கம் கூடி, காப்பி சாப்பிட்டு, கலைந்து போனார்களாக்கும்!" என்று நினைக்கிறீர்களா? பாருங்கள்: 1929-ல் நூலகர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். 1931-ல் ரங்கநாதனின் ஐந்து விதிகள் நூலையும், 1933-ல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டது இந்தச் சங்கம்தான். அந்த 1931-லேயே மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை அமைத்த மாட்டு வண்டி நூலகம் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போயிற்று. இப்படி வருஷக்கணக்கில் பேசிப் பேசி, எழுதி எழுதிக் கரைத்ததன் பலன் 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். இன்றும் நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலகத்துக்கென்று ஒரு பங்கு சேர்கிறதே, அதன் மூலம் அந்தச் சட்டம். ஒருவர் மட்டும் தன் அறையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

"ஆண்கள் கூட்டம் போடுவார்கள், போவார்கள். நாம் எப்படி?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 1876-ல் பிலடெல்பியாவில் அமெரிக்க நூலகச் சங்கம் பிறந்தபோது வந்திருந்தவர்கள் 103 பேர். அதில் பெண்கள் 13 பேர்தான்! சங்கத்தின் முதல் பெண் தலைவராக தெரசா எல்மெண்டார்ஃப் வருவதற்கு 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கசப்பான விஷயம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் மெல்வில் டூயி. டூயி தசமப் பகுப்பு முறையை வகுத்தவர். 1887-ல் நூலகப் பள்ளி தொடங்கி, பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவரும் அவரே. ஆனால், 1905-ல் சங்கத்தார் சென்ற பயணத்தில் பெண்களிடம் அவர் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று புகார் எழுந்தது. அதன் பிறகு சங்கத்தில் அவர் செல்வாக்கு சரிந்தது. 2019-ல் அவர் பெயரிலிருந்த பதக்கத்திலிருந்தே பெயரை நீக்கிவிட்டார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? சங்கம் என்பது கோயில் அல்ல; மனிதர்கள் கூடும் இடம். அங்கே பெண்கள் பலர் இருந்தால்தான் ஒருத்தியின் குறை வெளியே வரும்.

சரி, எப்படித் தொடங்குவது? சந்தா கட்டி, ரசீதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் போதாது. முதல் கூட்டத்துக்குத் தெரிந்தவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். கல்யாண வீட்டில் செய்வது போல அவரோடேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். புதிதாக இரண்டு பேரிடமாவது பேசுங்கள். "உங்கள் நூலகத்தில் தொலைந்த புத்தகத்துக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி போதும், எந்த லைப்ரேரியனும் அரை மணி நேரம் பேசுவார்! பெயரைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் நாலு வரி எழுதிவிடுங்கள்.

அடுத்தபடி, சின்ன வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவேடு, கூட்டக் குறிப்பு, அழைப்பிதழ், எதுவானாலும் சரி. மேடையில் பேசியவரை மறந்துபோவார்கள். சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடித்தவரை மறக்க மாட்டார்கள். கேட்பதற்கு முன் கொடுக்கவும் பழகுங்கள். உங்களிடம் இரண்டு பிரதி இருக்கும் நூல், இன்னொரு நூலகத்தில் ஒரு மாணவி தேடி அலையும் நூலாக இருக்கலாம். மாலைக் கூட்டத்துக்கு வீட்டு வேலை தடையா? கூட்டத்தைச் சனிக்கிழமை காலையில் வைக்கும்படி கேளுங்கள். கேட்கும் பெண்கள் நாலு பேரானால் நேரம் தானே மாறும். எங்கே தொடங்குவது என்று மலைத்தால், நம் நாட்டில் ரங்கநாதன் நினைவாக நூலகர் தினம் கொண்டாடும் ஆகஸ்டு 12 நல்ல நாள்.

இப்போது அந்தச் சகோதரியின் கதைக்கு வருவோம். அழுது முடித்தபின் ஒரு தோழி வற்புறுத்தி அவரை நூலகர்கள் கூட்டமொன்றுக்கு அழைத்துப் போனார். அங்கே தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், தலை நரைத்த அம்மாள் ஒருவர் சிரித்தாராம். "எனக்கும் இதே ஓலை வந்ததடி! கண்ணீரைக் காட்டாதே, கணக்கைக் காட்டு. எந்த வகுப்புப் பிள்ளைகள், மாதத்துக்கு எத்தனை புத்தகம், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டு போ" என்றார். இன்னொருவர் தம் பள்ளியில் கொடுத்த மனுவின் நகலையே கொடுத்தார்.

சகோதரி பழைய பதிவேடுகளையெல்லாம் புரட்டி, மூன்று இரவு உட்கார்ந்து கணக்கெடுத்தார். "யார் படிக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு விடை அந்தத் தாளில் இருந்தது. நிர்வாகம் முழுவதும் இறங்கி வரவில்லை. அறையில் பாதி போய்விட்டது. ஆனால் புத்தகங்கள் மாடிக்குப் போகவில்லை. பிள்ளைகள் கை நீட்டினால் எட்டும் இடத்திலேயே இருக்கின்றன.

"அந்தக் கூட்டத்துக்கு ஒரு வருஷம் முன்னால் போயிருந்தால், மீதிப் பாதியையும் காப்பாற்றியிருப்பேன்" என்று அவர் என்னிடம் சொன்னார். சென்ற மாதக் கூட்டத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் மூலையில் தயங்கி நின்றாளாம். அவள் பக்கத்து நாற்காலியில் போய் முதலில் உட்கார்ந்தவர் நம் சகோதரிதான்!